நாற்பத்தோராம் நாள் திரை

தீர்ப்பாயத்தின் மேசைமேல் ஏழு துணித்துண்டுகளை வரிசையாக வைத்தார்கள். ஏழும் நீலம். எனக்கு ஏழும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. இத்தனைக்கும் என் கண்ணில் எந்தக் குறையும் கிடையாது.

"இங்க வச்சுப் பாக்க முடியாதுங்க," என்றார் கலாமணி அக்கா. "டியூப்லைட்டுக்கு அடியில சேடு பாத்தா எங்க முதலாளி வெளிய போன்னுருவாரு. சன்னல்கிட்ட போயிக்கட்டுங்களா?"

உறுப்பினர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்த தலைவர் கையைக் காட்டினார்.

அக்கா ஒவ்வொரு துண்டையும் நாலாக மடித்தார். ஒற்றையாக இருந்தால் பின்னாலிருக்கும் நிறம் ஊடுருவி வந்து கலந்துவிடும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் சேடு, அதாவது நிறச்சாயல், பார்க்கிறவர்கள் மடிக்காமல் பார்க்கவே மாட்டார்கள். சன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தார். மூக்குக்கண்ணாடியின் நடுவில் மிளகளவு கேமரா ஒன்று இருந்தது. அதைத் துணிக்கு நேராகக் கொண்டுவர, கழுத்தைச் சற்று வளைத்தார். வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை அடுக்கி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

தலைவர் துண்டுகளைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த எண்களைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு வரை சரியாக இருந்தது.

அடுத்து எதிர்த்தரப்பு அழைத்துவந்த சாட்சி. அவர் மண்டைக்குள்ளும் அக்காவுக்கு இருக்கும் அதே சில்லுதான், கண்ணாடியில் அதே கேமராதான்; ஓடும் நோக்கி மட்டும் எதிர்த்தரப்பினுடையது. அவர் ஏழையும் இரண்டு குவியலாகப் பிரித்துவிட்டு, "அவ்வளவுதான்," என்றார்.

"கனம் தலைவர் அவர்களே," என்று எழுந்தார் எதிர்த்தரப்பு வக்கீல். "அம்மாவின் திறமைக்கு என் வணக்கம். ஆனால் இந்த நாட்டில் எத்தனை பேருக்கு ஏழு நீலம் தேவைப்படுகிறது?"

அறையில் சிரிப்பு எழுந்தது. அக்கா திரும்பி அவரைப் பார்த்தார்.

"எனக்குத் தேவைப்படுதுங்க. அதை வச்சுத்தானுங்க சோறு திங்கறேன்."



கலாமணி அக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஏழு வருடங்களுக்கு முன் பட்டறையில் காஸ்டிக் குழாய் வெடித்து அவருடைய இரண்டு கண்களும் போய்விட்டன. கோயம்புத்தூரில் நாங்கள் எழுதிய மென்பொருள் வழியாகத்தான் அவர் மறுபடி பார்த்தார். நாங்கள் என்றால் இல்யாஸ் அண்ணன், நான், இன்னும் ஒன்பது பேர். அக்காவைப்போல எங்களை நம்பி இருந்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

"இந்த நோக்கி, நோக்கி என்கிறீர்களே," என்று தலைவர் என்னைப் பார்த்தார். "அது என்ன என்று எனக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்ல முடியுமா?"

எங்கள் வக்கீல் ஹெப்சிபா என் பக்கம் சாய்ந்து, "வினோதா, உனக்கு அஞ்சு நிமிஷம்தான் டைம். வகுப்பு எடுத்திராதே," என்றார்.

நான் எழுந்து சொன்னேன். பின்மண்டைக்குள், மூளையின்மேல் ஒட்டினாற்போல ஒரு சில்லு இருக்கிறது. அதில் நாலாயிரம் மின்முனைகள். ஒரு முனையில் மின்சாரம் துளி அளவு பாய்ந்தால், பார்வையற்றவருக்கு ஓர் ஒளிப்புள்ளி தெரியும். கேமராவோ நொடிக்கு நொடி பல லட்சம் புள்ளிகளைப் பிடிக்கிறது. லட்சங்களை நாலாயிரத்துக்குள் அடைக்க வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது? ஒரு முகத்தில் கண்ணை வைத்துக்கொண்டு கன்னத்து மருவை விட்டுவிடலாமா? அதைத் தீர்மானிப்பதுதான் நோக்கி. சில்லை ஓட்டுகிற இயங்குதளம் வேறு, அதன்மேல் வந்து உட்காரும் நோக்கி வேறு.

"கம்ப்யூட்டரும் இணைய உலாவியும் போல," என்றேன். "ஓரிவா கம்பெனி செய்வது இயங்குதளம். தொடக்கத்தில் சில்லு வெறுமனே வரும், எந்த நோக்கி போடுவது என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். அப்போது ஐந்து நோக்கிகள் இருந்தன. நாலு வருடத்துக்கு முன் ஓரிவா தன் நோக்கியை இயங்குதளத்தோடு சேர்த்து இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. அதன்பிறகு யாரும் கேட்பதில்லை. எங்களுக்குப் புதிதாக ஒருவர்கூட வரவில்லை."

"அவர்களுடையது மோசமா?"

"இல்லை. நல்ல நோக்கிதான். பேட்டரியை மிச்சம் பிடிக்க, பக்கத்துப் பக்கத்து நிறங்களை ஒன்றாக்கிவிடும். பெரும்பாலோருக்கு அதனால் ஒன்றும் குறையாது."

"அப்படியென்றால் பிடிக்காதவர்கள் மாற்றிக்கொள்ளலாமே?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். "மாற்றினால் கண் தெரியாமல் போகும். குறைந்தது நாற்பது நாளைக்கு."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்தப் புள்ளி எதைக் குறிக்கிறது என்று மூளை படித்துக்கொள்ள நாற்பது நாள் ஆகிறது. ஊருக்குப் புதிதாக வந்த தபால்காரர் மாதிரி. முதலில் திணறுவார். அப்புறம் எந்தச் சந்துக்குள் எந்த வீடு என்று கால் தானாகப் போகும். ஒரு நாள் காலையில் எல்லா வீட்டு எண்ணையும் மாற்றி எழுதிவிட்டால் அவர் என்ன செய்வார்? அதுதான் நடக்கும். இளவயதுக்காரர் மறுபடி கற்றுக்கொள்வார். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குப் பாதிதான் திரும்பும்."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "வீட்டை விற்கிறவர் சன்னலும் வைத்துத்தான் விற்கிறார். அது சன்னல் வியாபாரிக்கு இழைக்கும் அநீதியா?"

ஹெப்சிபா உட்கார்ந்தபடியே சொன்னார். "சன்னலை மாத்தினா வீட்டுக்காரருக்கு நாப்பது நாள் கண்ணு அவிஞ்சு போகாது சார்."

அன்று மாலை பாரிமுனையில் ஹெப்சிபாவின் அறையில் வாழைக்காய் பஜ்ஜியும் டீயுமாக உட்கார்ந்திருந்தோம். வழக்கு எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பரிகாரமாக என்ன வேண்டும் என்று எழுதித் தரும்படி தீர்ப்பாயம் கேட்டிருந்தது.

"நம்மளதையும் இயங்குதளத்தோட சேத்துக் குடுக்கச் சொல்லலாமா?" என்றார் இல்யாஸ் அண்ணன்.

"கேக்கலாம். தரமாட்டாங்க. தீர்ப்பாயத்துக்கு எப்பவும் முன்னாடி யாராவது நடந்துபோன பாதை வேணும் அண்ணாச்சி," என்றார் ஹெப்சிபா. "உலாவிச் சண்டை தெரியுமா உங்களுக்கு? நாம எல்லாம் பொறக்கறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சது. கம்ப்யூட்டர் வாங்கினா உலாவியும் கூடவே வந்துரும், இலவசமா. வேற உலாவி வேணும்னா, அதை இறக்கறதுக்கே கூட வந்த உலாவியைத்தான் தொறக்கணும். வழக்கு முடியறதுக்குள்ள போட்டிக் கம்பெனி படுத்துருச்சு. கடைசியில ஐரோப்பாவுல ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. தேர்வுத்திரை. எல்லா உலாவி பேரையும் ஒரே திரையில போடணும். எந்தப் பேருக்கும் சலுகை கிடையாது. ஜனங்க பாத்து அமுக்கட்டும்."

"அதையே கேப்போம்," என்று மேசையைத் தட்டினார் இல்யாஸ் அண்ணன். "நாங்க பிச்சை கேக்கல. எங்க பேரு கண்ணுல பட்டாப் போதும்."

தொழில்நுட்ப இணைப்பை நான்தான் எழுதினேன். எழுதும்போது எனக்கு எத்தனை உற்சாகம்! ஐந்து பெயர்களும் சம அளவு எழுத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் வரிசை மாறி மாறி வர வேண்டும். எதையாவது தேர்ந்தெடுக்காமல் திரை அகலக் கூடாது. எப்போது காட்டுவது? சில்லு வைக்கிற டாக்டர் ஒருவரிடம் போனில் கேட்டேன். நாற்பது நாள் ஆனால்தான் நோயாளியால் எழுத்தைப் படிக்க முடியும் என்றார். 'பார்வை நிலைபெற்றபின், நாற்பத்தோராம் நாள்' என்று எழுதினேன். 'வேறெந்த வழியிலும், வேறெந்த நேரத்திலும் கேட்கக் கூடாது' என்று ஹெப்சிபா ஒரு வரி சேர்த்தார். ஓரிவாவின் ஆட்கள் ஆஸ்பத்திரியில் புகுந்து நோயாளியின் மனத்தைக் கலைத்துவிடக் கூடாது என்பதற்காக.

கலாமணி அக்கா ஓரத்து நாற்காலியில் ரயிலுக்கு நேரமாகிறதா என்று பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. நிறம் பற்றிய சாட்சி அவர். அந்த வேலை முடிந்துவிட்டிருந்தது.

நாங்கள் கேட்டபடியே ஆணை வந்தது. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. இல்யாஸ் அண்ணன் அலுவலகம் இருந்த தெரு முழுவதும் மைசூர்பாகு கொடுத்தார்.

ஐந்து மாதம் போயிற்று. நாடு முழுக்க ஆறாயிரம் பேருக்கு மேல் தேர்வுத்திரையைப் பார்த்திருந்தார்கள். எங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் இரண்டு பேர். இருவரும் பெயர் மாறி அமுக்கிவிட்டு, மறுநாளே திரும்பிப் போனவர்கள்.

எழுத்து சின்னதாகப் போட்டிருப்பார்களோ, எங்கள் பெயரை மூலையில் ஒளித்திருப்பார்களோ என்று சந்தேகம் வந்தது. நேரில் பார்த்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கினேன்.

அன்று நாற்பத்தோராம் நாளை எட்டியிருந்தவர் நாச்சிமுத்து என்ற ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சர்க்கரை வியாதியில் கண் போனவர். பக்கத்தில் மருமகளும், அவள் மடியில் ஒரு வயதுக் குழந்தையும். நர்ஸ் அவர் கையில் தொடுதிரைப் பலகையைக் கொடுத்தார். அவர் பார்ப்பதே எனக்கும் தெரியும்படி இன்னொரு பலகையை என்னிடம் கொடுத்தார்கள்.

எழுத்துகள் சமமாக இருந்தன. வரிசை கலைந்திருந்தது. எங்கள் பெயர் எல்லாவற்றுக்கும் மேலே வந்திருந்தது. ஆணையில் ஒரு புள்ளிகூட மீறப்படவில்லை.

"தெ... ளி... தெளிநோக்கி," என்று எழுத்துக்கூட்டினார் நாச்சிமுத்து. படிக்க முடிந்துவிட்ட மகிழ்ச்சியில் தொடையில் தட்டிக்கொண்டார். "கவிதா, பாத்தியா? படிச்சுப்போட்டேன்! அஞ்சு வருசம் ஆச்சு எழுத்தைப் பாத்து. இது என்னுங்க சிஸ்டர், எல்லாம் நோக்கி நோக்கின்னு போட்டிருக்குது?"

நர்ஸ் விளக்கினார். இதில் எது வேண்டுமோ அதை அமுக்கலாம். இப்போது இருப்பது ஓரிவா. வேறு எதை அமுக்கினாலும் பார்வை மங்கி, மறுபடி நாற்பது நாள் பழக வேண்டும்.

"மறுபடியுமா?"

"ஆமாங்க ஐயா."

நாச்சிமுத்து சிரித்தார். "நல்லாக் கேட்டீங்க போங்க. முந்தாநேத்துத்தான் பேத்தி மூஞ்சியே எனக்குத் தெளிஞ்சுது. மொத மொதல்லப் பாக்கறேன். அதை அழிச்சுப்போட்டு இன்னொண்ணு எழுதோணுமா? பைத்தியக்காரனுங்களா நான்?" குழந்தையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு, அதே விரலால் ஓரிவாவை அமுக்கினார்.

நான் அந்த அறையில் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். என்ன பேசியிருப்பேன்? எங்கள் நோக்கியில் பேத்தியின் முகம் இன்னும் நன்றாகத் தெரியும், நாற்பது நாள் இருட்டில் இருந்துவிட்டு வாருங்கள் என்றா? அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் ஓரிவாவைத்தான் அமுக்கியிருப்பேன்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் கணக்கு நேராயிற்று. திரையைப் பார்க்கக் கண் வேண்டும். கண் வேண்டுமென்றால் ஏதாவது ஒரு நோக்கி அதற்குமுன் ஓடியாக வேண்டும். வெறும் சில்லில் எதுவும் தெரியாது, ஆகவே கூட வருவதுதான் ஓடும். எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தேறும்போது மூளை அதற்குப் பழகிவிட்டிருக்கும். தேர்ந்தெடுக்கும் தகுதி வரும் நாளும், தேர்ந்தெடுக்க எதுவும் மிச்சமில்லாத நாளும் ஒன்றுதான். உலாவியை இறக்க உலாவியைத் திறந்த கதை. உலாவியாவது ஒருவருடைய மண்டைக்குள் வேர்விடவில்லை. ஓரிவா இதில் எந்தச் சூழ்ச்சியும் செய்யவில்லை. தேதியைக் குறித்துக் கொடுத்தவள் நான்.

இயங்குதளத்தின் மேல் ஓடும் ஒவ்வொரு நோக்கியும் ஆண்டுக்கொரு முறை பாதுகாப்புச் சான்று வாங்க வேண்டும். மூளைக்குள் மின்சாரம் விடுகிற பொருள்; அந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். சான்று வேண்டுமென்றால் இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருக்கும் கம்பெனி ஒன்று உயிரோடு இருக்க வேண்டும். புதியவர்கள் வராமல் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை வைத்து எங்களால் அதை நடத்த முடியவில்லை. மென்பொருளைச் சும்மா கொடுக்கிறேன், யாராவது எடுத்து நடத்துங்கள் என்று இல்யாஸ் அண்ணன் நாலு நிறுவனங்களின் கதவைத் தட்டினார். யாரும் வரவில்லை. மார்ச் கடைசியில் சான்று முடிகிறது. அன்றோடு சில்லு எங்கள் நோக்கியை நிறுத்திவிட்டு, தன்னோடு வந்ததை ஓடவிடும்.

இதைச் சொல்ல நானும் அண்ணனும் திருப்பூருக்குப் போனோம். பட்டறையின் ஆய்வறையில் அக்கா ஒரு டம்ளர் அளவுப் பாத்திரத்தில் மாதிரிச் சாயம் கலக்கிக்கொண்டிருந்தார். முதலாளி ஆறுச்சாமி வந்து எட்டிப்பார்த்து, "கலாமணிய ரொம்ப நேரம் புடிச்சு வச்சுக்காதீங்க. அந்தம்மா ஓக்கே சொல்லாம ஒரு பீஸ் கப்பல் ஏறாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். திரை, நாற்பத்தோராம் நாள், நாச்சிமுத்து, சான்று, மார்ச். அக்கா கலக்குவதை நிறுத்தவில்லை.

"அப்ப எனக்கு மறுபடியும் கண்ணு போயிருமுங்களா அம்மிணி?"

"போகாது அக்கா. மாறும். மங்கலாகும். கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பும்."

"சேடு?"

இல்யாஸ் அண்ணன் தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "அது திரும்பாது அக்கா."

கண்ணாடிக் குச்சியை எடுத்துக் கழுவி, துடைத்து வைத்தார். பிறகு கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. கண்ணு தெரியாதவங்ககிட்ட எதுக்குங்க திரையில கேட்டீங்க? வாயில கேக்கறதுதானுங்க? ஆப்பரேசனுக்கு முன்னாடி படுக்கையில கெடக்கயில பக்கத்துல உக்காந்து, 'இது இது இருக்குது, உனக்கு எது வேணும்'னு சொன்னா, காது கேக்குமில்லீங்க?"



"அன்னைக்கு நீங்க அங்கதானே அக்கா இருந்தீங்க," என்றார் அண்ணன். "சொல்லியிருக்கலாமே."

"படிச்சவங்க பேசறீங்க, ஏதாச்சும் காரணம் இருக்கும்னு நெனச்சேனுங்க."

கண்ணுள்ள மூன்று பேர் ஓர் அறையில் உட்கார்ந்து, கண்ணில்லாதவர்களுக்காக ஒரு திரையை வடிவமைத்தோம். அதுவும் எத்தனை கவனமாக! எழுத்தின் உயரத்தை மில்லிமீட்டரில் குறித்திருந்தேன்.

ஆணையை மாற்ற முடியுமா என்று ஹெப்சிபாவிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "திருத்த மனு போட்டா ஒன்பது மாசம் ஆகும். மார்ச்சுக்குள்ள நடக்கணும்னா ஒரே வழிதான். எதிர்த்தரப்பு சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா ஒரு வாரத்துல ஆணையை மாத்திரலாம். அவங்ககிட்டயே போய்க் கேளு வினோதா. வெக்கப்படாதே."

பெங்களூரில் ஓரிவாவின் ஒழுங்குமுறை அதிகாரியாக இருந்தவர் ஜெயந்தன். ஈரோட்டுக்காரர். காபி வரவழைத்து, நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். அறுவைக்கு முன் வாய்வார்த்தையாகக் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஒரே கோரிக்கை. இன்று கேட்க ஆரம்பித்தால் வாரத்துக்கு இருபது பேராவது எங்களுக்கு வருவார்கள். அதைக் காட்டி வங்கியில் கடன் வாங்கிக்கொள்ளலாம். மார்ச்சில் சான்றைப் புதுப்பித்துவிடலாம்.

"சரியான யோசனைங்க," என்றார் அவர். "உண்மையைச் சொல்றேன், இது எனக்குத் தோணவே இல்ல. நான் மேல பேசறேன்."

அவர் நல்லவர். நிஜமாகவே பேசினார். பத்து நாள் கழித்து அழைத்தார்.

"மன்னிச்சுக்குங்க வினோதா. முடியாதுன்னுட்டாங்க."

"ஏன்?"

"உங்க ஆணையைத்தான் மத்த நாடுகள்லயும் மாதிரியா எடுத்துக்கிட்டிருக்காங்க. நாங்களே மனசாரக் கட்டுப்பட்டோம்னு ஏழு நாட்டுல காட்டியிருக்கோம். இப்ப அது சரியில்லைன்னு இங்க கையெழுத்துப் போட்டா, அங்கெல்லாம் வழக்கு மறுபடி தொறந்துக்கும்."

"சம்மதம் வேண்டாம் சார். நீங்களாகவே ஆஸ்பத்திரியில் வாய்விட்டுக் கேட்கச் சொல்லலாமே? அதற்கு யார் அனுமதி வேண்டும்?"



"நானும் அதைத்தான் கேட்டேன். சட்டப்பிரிவு பதினாலாவது பத்தியைக் காட்டுது. 'வேறெந்த வழியிலும், வேறெந்த நேரத்திலும் கேட்கக் கூடாது.' கேட்டா ஆணையை மீறின குத்தம். அந்த வரி உங்க தரப்பு சேத்ததுன்னு கோப்புல இருக்குதுங்க."

இருக்கிறதுதான். அந்தக் கோப்பின் பிரதி என்னிடமும் உண்டு.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் அக்காவின் பக்கத்தில் இருந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே நேரம். மற்றவர்களோடு எங்கள் ஆட்கள் தனித்தனியாக இருந்தார்கள். போக முடியாத ஊர்களுக்குத் தொலைபேசி. அக்கா என் கையைப் பிடித்திருந்தார். பிடி ஒருமுறை இறுகியது.

"என்ன தெரியுது அக்கா?"

"மணலுங்க. மணலை வாரி இறைச்ச மாதிரி."

அறுவை முடிந்து முதன்முதலில் பார்ப்பவர்கள் எல்லோரும் அதையேதான் சொல்வார்கள். ஆனால் அவர்கள் இருட்டிலிருந்து மணலுக்கு வருகிறவர்கள்.

ஆறுச்சாமி இரண்டு மாதம் இடத்தைக் காலியாகவே வைத்திருப்பதாகச் சொன்னார். இல்யாஸ் அண்ணன் அலுவலகச் சாவியை ஒப்படைத்துவிட்டு உக்கடத்தில் மாமனார் கடையில் உட்கார்ந்தார். நான் வாரம் மூன்று நாள் அக்காவைப் பார்க்கப் போனேன். வேறு வேலை இருந்தால்தானே. இருபதாம் நாள் வாசற்படி தெரிந்தது. முப்பதாம் நாள் என் நெற்றியில் பொட்டு இருப்பது தெரிந்தது. முப்பத்தைந்தாம் நாள் பெரிய எழுத்துகள் தெரிந்தன. அவருடைய வயதுக்கு இது அதிகம் என்று டாக்டர் பாராட்டினார். ஓரிவா நல்ல நோக்கி என்று நான் முன்பே சொன்னேன் அல்லவா.

நாற்பத்தோராம் நாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு ஆறுச்சாமி தானே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் புது ஆர்டருக்கான பச்சை மாதிரிகள் ஒன்பது இருந்தன. ஆஸ்பத்திரி சன்னலோரம் நின்று அக்கா ஒவ்வொன்றையும் மடித்தார். சாய்த்துப் பார்த்தார். எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கால் மணி நேரம் ஆனது. முடிவில் ஒன்பதையும் ஒரே கட்டாக அடுக்கி முதலாளியிடம் நீட்டினார்.

"பச்சைங்க," என்றார்.

ஆறுச்சாமி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். "பரவால்ல கலாமணி. பேக்கிங்ல உனக்கு வேலை பாத்துக்கலாம். நீ ஒடம்பப் பாரு," என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் வெளியேறினார்.

அவர் செருப்புச் சத்தம் மாடிப்படியில் இறங்கி மறைவதற்குள் நர்ஸ் பலகையோடு வந்துவிட்டார். புதிதாக ஒரு நோக்கிக்கு மாறிப் பார்வை நிலைபெற்ற ஒவ்வொருவருக்கும் திரையைக் காட்டியாக வேண்டும். அவர் எப்படி மாறினார் என்று ஆணை கேட்பதில்லை.

அக்கா பலகையை மடியில் வைத்துக்கொண்டார். கழுத்தை வளைத்துக் கேமராவை நேராக்கினார்.

"உங்களுக்குப் பிடித்த... நோக்கியைத்... தேர்ந்தெடுக்கவும்," என்று வாசித்தார். கொஞ்சம் கீழே இறங்கினார். "ஓரிவா நோக்கி." இன்னும் கீழே தேடினார். "பொறவு ஒண்ணும் காணோமுங்களே. என்ற கண்ணுதான் சரியாத் தெரியலையுங்களா?"

சரியாகத்தான் தெரிந்தது. மற்ற நோக்கிக் கம்பெனிகளில் எங்களுக்குமுன் இரண்டும் எங்களோடு ஒன்றும் கடையை மூடியிருந்தன. இல்லாத நோக்கியின் பெயரைக் காட்டுவது நோயாளியை ஏமாற்றுவதாகும் என்று எடுத்துவிட்டிருந்தார்கள். அதுவும் நியாயம்தான்.

"ஒண்ணுதான் அக்கா இருக்கு."

"அப்பறம் என்னத்தைங்க தேர்ந்தெடுக்கறது?"

"அதைத்தான். அமுக்கினாத்தான் திரை போகும்."

சிறிது நேரம் அவர் விரல் பலகைக்கு மேலேயே நின்றது. அமுக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்பாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. அமுக்கினார். திரை மாறியது. அக்கா குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, பிழையில்லாமல் படித்தார்.

"உங்கள்... விருப்பத்தை... மதிக்கிறோம்னு போட்டிருக்குதுங்க அம்மிணி."